கற்பிட்டிக்கு ஏழு வருடம் தாமதமாக

கோமதி கொழும்புக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே நானும் இலங்கைக்குப் போவதென்று முடிவு செய்தேன். அவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பது எண்ணம். அறுபத்தைந்து வயதில் ஒருவன் இப்படி ஓடுவதற்கு ஒரு நல்ல காரணமும் ஒரு கெட்ட காரணமும் இருந்தன. நல்லதை வீட்டில் சொன்னேன். கெட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் சென்னையில் ஒரு தடய அறிவியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் டி.என்.ஏ. பார்த்தவன். ரத்தக் கறை, பல், எலும்பு என்று எது வந்தாலும் கடைசியில் இயந்திரம் ஒரு வரைபடத்தைத்தான் தரும். அதில் கோடு உயர்ந்து உச்சிகளாக நிற்கும். ஒரு மனிதனுக்கு ஒவ்வோர் இடத்திலும் அதிகம் போனால் இரண்டு உச்சி. தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. இரண்டு பேருடையது கலந்துவிட்டால் சிக்கல். நிஜ உச்சி எது, அதன் நிழல் எது, இருக்க வேண்டியது எங்கே அழிந்திருக்கிறது என்று பிரித்துப் படிக்கக் கண் வேண்டும். எனக்கு அந்தக் கண் இருந்தது. மற்ற மாநிலங்களிலிருந்தும் எனக்கு வரைபடங்கள் வரும். அது தந்த கர்வத்தில் நான் நன்றாகத் தூங்கினேன்.

கோமதி என்னிடம் வேலை கற்றவள். அவள் ஒரு கணினி நிரல் எழுதினாள். கலந்து கிடக்கும் உச்சிகள் யார் யாருடையவையாக இருக்கலாம் என்று எல்லா விதமாகவும் கூட்டிப் பார்த்து, இந்த மனிதர் இதில் இருந்தால் இப்படி ஒரு படம் வருமா, இல்லாவிட்டால் வருமா என்று ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்கும். நான் பல வருடங்களாகப் பென்சிலால் குறித்து வைத்த வரைபடங்களைக் கொண்டுதான் அதைச் சரிபார்த்தாள். "இதுக்குள்ள உங்க கண்தான் இருக்கு சார்" என்றாள். என் சட்டையை யாரோ போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன் ராமநாதபுரம் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் இல்லை, கைகள் இல்லை. இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், அதன் பைக்குள் இலங்கைச் சில்லறை. விசாரித்ததில், கற்பிட்டியிலிருந்து தனியாகக் கடலுக்குப் போன நஸார் என்ற மீனவர் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை என்று தெரிந்தது. அவருடைய தாயின் ரத்தமும் ஐந்து வயது மகளின் எச்சிலும் எங்களுக்கு வந்தன. ஆனால் அதே வாரம் ஒதுங்கிய இன்னோர் உடலின் எலும்பையும் சதையையும் சேர்த்து யாரோ ஒரே ஜாடியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கடல் நீரில் ஊறிய, பாதி அழிந்த கலவை.

மூன்று நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை எனக்குத் தெரிந்துவிட்டது. நஸார் அதில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது கோமதி கையில் ஒரு தாளுடன் வந்தாள். "இருக்கார் சார். இருபது நிமிஷத்துல சொல்லிடுச்சு" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் தவிர வேறொன்றும் இல்லை.

நான் அந்தத் தாளை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். அறிக்கையில் 'முடிவுக்கு வர இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விதிப்படி அப்படி எழுத இடமிருந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. 'ஆம்' என்று எழுதினால் அவளுடைய நிரல் சரி என்று நானே சான்று கொடுத்ததாகிவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

நான் ஓய்வு பெற்றேன். கோமதி என் நாற்காலிக்கு வந்தாள். முடியாமல் கிடந்த பழைய வழக்குகளையெல்லாம் அந்த நிரலில் போட்டுப் பார்த்தபோது நஸார் மறுபடி எழுந்து வந்தார். புதிய அறிக்கை அலுவலக வழியாக இலங்கைக்குப் போனது. கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தப் போகும்போது அந்தக் குடும்பத்தையும் பார்த்து விளக்கிவிட்டு வருவதாக என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது நல்ல காரணம். அந்தச் செய்தியைச் சொல்கிறவன் நானாக இருக்க வேண்டும் என்பது கெட்ட காரணம்.

முதல் நாள் கொழும்பிலிருந்து சிலாபம் வரை ரயில். எங்கள் ஊர்ப் புறநகர் ரயிலைவிட மெதுவாகப் போனாலும் ஜன்னல் பக்கத்தில் கடல் வந்து வந்து போகிறது. ஒருவர் இறால் வடை விற்றார். அதைச் சுற்றித் தந்த தாள் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். ஆசிரியர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாகச் சரி போட்டுக்கொண்டே வந்து ஐந்தாவது வரியில் தப்பைப் பிடித்திருந்தார். கையால் திருத்திய தாள். அந்த ஆசிரியர் மேல் எனக்குப் பிரியம் வந்தது. எண்ணெயை வழித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சிலாபத்துக்கு இரண்டு நிலையம் முன்னால் இஞ்சின் நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தென்னந்தோப்புக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த சிங்களப் பெண்மணி கார்டிடம் ஏதோ சொல்ல, பெட்டி முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "நாங்க காசு குடுத்து ஏறினம், நீ சம்பளம் வாங்கி ஏறின. அப்ப ஆரு இறங்கித் தள்ள வேணும் எண்டு கேக்கிறா." கார்ட் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பாணும் பருப்பும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு சிலாபம் மீன் சந்தையைச் சுற்றினேன். கட்டம் போட்ட சாரம் கட்டிய ஒருவர் கூடையைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லிக்கொண்டிருந்தார். வாங்குகிறவர் அதைக் கொண்டுபோய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் ஏறக்குறைய அதே எடை வந்தது. எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. கை சொல்லும்போது தராசு எதற்கு என்று அவரிடமே கேட்டேன்.

"தராசு வாங்கிறவனுக்கு ஐயா. எனக்கு என்னத்துக்கு?" என்றார்.

இந்தப் பயணத்தில் முதல் தடவையாக மனம் குளிர்ந்தது. அவரோ அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டே, "ஆனா தராசு பொய் சொல்லாது. நான் சில நேரம் சொல்லுவன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அங்கிருந்தே நஸாரின் மைத்துனர் ரிஸ்வானுக்குத் தொலைபேசி செய்தேன். எண்ணைப் பழைய கோப்பிலிருந்து குறித்து வைத்திருந்தேன். சென்னையில் அந்த எலும்பைப் பார்த்த ஆய்வகத்தில் இருந்தவன், உங்களைப் பார்க்க வருகிறேன் என்றேன்.

"வாங்க வாங்க. ஞாயித்துக்கிழம தானே கோமதி மிஸ் வந்துட்டுப் போனாங்க" என்றார்.

பயிற்சி வகுப்பு முடிந்தபின் போவாள் என்று நினைத்திருந்தேன். முன்னாலேயே போய்விட்டாள். எலும்பிலும் முந்தினாள், இதிலும் முந்தினாள். என்னைப் பற்றி எல்லாம் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. திரும்பிப் போய்விடலாமா என்று பஸ் நிலையத்தில் நின்று யோசித்தேன். புத்தளம் பஸ்ஸின் கண்டக்டர் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டதால் ஏறிவிட்டேன்.

பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் பிடிக்க வேண்டும். நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பஸ் புத்தளத்துக்குள் நுழைந்திருந்தது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்குக் கண்டக்டர், "பாலாவி பாலாவி எண்டு மூணு தரம் கத்தினன் ஐயா. நீங்க கனவுல ஆரோடயோ சண்ட புடிச்சிட்டு இருந்தீங்க. இடையில வரப் பயமா இருந்திச்சி" என்றார். யாரோடு என்று எனக்குத் தெரியும்.

முச்சக்கர வண்டியில் பாலாவிக்குத் திரும்பினேன். இருபுறமும் உப்புப் பாத்தி, கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்து உப்பைப் போலவே இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே காற்று, இதே கண் கூசும் வெளிச்சம். பிறகு கற்பிட்டி பஸ். ஒரு பக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, தூரத்தில் காற்றாலைகள், நடு ரோட்டில் மூன்று கழுதைகள். டிரைவர் ஹார்ன் அடிக்காமல் அவை நகரும்வரை நிறுத்தி வைத்திருந்தார். சென்னையில் மனிதருக்கே அந்தப் பொறுமை கிடைக்காது.

ரிஸ்வான் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். ஐம்பது வயது, கருவாட்டு வியாபாரி. கையைப் பிடித்தவர் விடவில்லை. "பெரிய சேர் வருவீங்க எண்டு நாங்க நெனைக்கவே இல்ல" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவர் சொன்னது விளங்கியது.

"கோமதி மிஸ் எல்லாம் செல்லிட்டாங்க. அந்த கம்பியூட்டருக்குப் படிப்பிச்சதே உங்கட கண்தானாம். நீங்க இல்லாட்டி எங்கட மச்சானக் கண்டுபுடிச்சிருக்கவே ஏலாதாம்."

அவள் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில் பாதியைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெருமைக்காக ஓடி வந்தேனோ அதை எனக்காக வாசலில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். இத்தனை பெரிய மனது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

சாப்பாடு தயாராக இருந்தது. இங்கே விருந்து என்றால் சகன். அகலமான ஒரே தட்டில் சோறும் இறைச்சியும் வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவது. ரிஸ்வான், அவருடைய பெரிய வாப்பா, பள்ளிவாசல் மௌலவி, நான். ரிஸ்வான் நல்ல துண்டுகளையெல்லாம் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

பாதி சாப்பிட்டபோது தட்டைப் பார்த்தேன். நான்கு பேர் அள்ளிய நான்கு பள்ளம். மௌலவியுடையது ஒழுங்காக இருந்தது, பெரிய வாப்பாவுடையது பக்கத்து எல்லையைத் தின்றிருந்தது. யார் எங்கே இருந்தார் என்று பள்ளத்தைப் பார்த்தே சொல்லலாம். கலந்த டி.என்.ஏ.வை இவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று வாயைத் திறந்தேன்.

"மிஸ்ஸும் அண்டைக்கு இந்தச் சகனக் காட்டித்தான் விளங்கப்படுத்தினாங்க" என்றார் ரிஸ்வான். "நாலு பேர் திண்டுட்டு எழும்பிப் போன தட்டப் பாத்து, ஆரு ஆரு இருந்தவங்க எண்டு செல்ற மாதிரியாம்."

நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

கை கழுவியபின் ரிஸ்வான் பழைய கதையைச் சொன்னார். நஸாரின் மனைவி ரிஹானா இவருடைய தங்கை. உள்ளறைக் கதவருகே நாற்காலியில் முக்காட்டுடன் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"உங்கட மொதல் கடுதாசி வந்திச்சி. முடிவில்லயாம் எண்டு வாசிச்சாங்க. முடிவில்ல எண்டா அது அவன் இல்ல. அவன் இல்லாட்டி உசிரோட தானே? உசிரோட எண்டா எங்க? அவன்ட போட்டும் கெடைக்கல்ல, அப்ப தூத்துக்குடிக்குப் போயிட்டான். தூத்துக்குடியில ஆம்புளயாள் தனியாவா இரிப்பான்?" ரிஸ்வான் கையை விரித்தார். "ஒரு கெழமையில ஊர் அவனுக்குக் கலியாணமும் முடிச்சு வச்சிட்டு. பீடி இலை ஏத்தப் போனவன் ஒருத்தன், அவனக் கண்டேன் எண்டும் செல்லிட்டான்."

நான் எழுதிய ஒரு வரியிலிருந்து நான்கே படியில் ஒரு பெண்ணைப் பிறப்பித்திருந்தார்கள். அந்த வரியை எழுதும்போது நான் ஆய்வகத்துக்குள்ளே மட்டும்தான் யோசித்தேன். வாசிக்கிறவர்களுக்கு 'இயலவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றுதான் என்று தோன்றவில்லை.

"மாமி, நஸார்ட உம்மா, தங்கச்சியோட கதைக்கிறதே இல்ல. எண்ட மவன வெரட்டிட்டாள் எண்டு. காதியார்ட்ட போய் பஸகு எடுத்து விடுதலையாகு எண்டு நாங்க எத்தின தரம் செல்லியும் இவ போகல்ல." பஸகு என்பது காதி நீதிபதியிடம் கணவன்மேல் முறைப்பாடு சொல்லி மனைவி பெறும் மணவிலக்கு.

"அவர்ல எனக்கு ஒரு முறைப்பாடும் இருக்கல்ல" என்றார் ரிஹானா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது. "என்ன எண்டு செல்லிப் போறது?"

கணவர் இறந்தது உறுதியாகிவிட்டதால் இனி இத்தா இருப்பாரா என்று மௌலவியிடம் கேட்டேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் வழக்கம் எங்கள் ஊர் முஸ்லிம் நண்பர்கள் வீட்டிலும் உண்டு.

"தேவையில்ல ஐயா" என்றார் மௌலவி. "மௌத்தான நாள்ல இருந்துதான் கணக்கு. செய்தி பிந்தித்தானே வந்திருக்கு. அந்த நாள் எல்லாம் எப்பவோ முடிஞ்சி. ஏழு வருஷத்துக்கு முந்தியே இவ விடுதலை. தெரியாம இருந்திச்சி, அவ்வளவுதான்."

"நான் இருக்க ஆசப்பட்டன்" என்றார் ரிஹானா. "ஒரு நாளாவது அவருக்காக இருக்கல்லயே."

பிறகு அவரே எழுந்து இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டு வந்தார். "ஐயாவுக்கு அல்லாஹ் நல்ல சுகத்தத் தரணும். நான் துஆ கேக்கிறன்" என்றார். கோப்பையை வாங்கினேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அந்த மரியாதையை ஒரு நாளாவது வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தங்குமிடத்துக்குப் போகும் வழியில் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் பறந்தார்கள். ரிஸ்வான் அவர்களில் ஒருவரிடம் என்னைக் காட்டி ஆங்கிலத்தில் "பெரிய விஞ்ஞானி" என்றார். நான் தலையை ஆட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. காலையில் ரிஸ்வான் கருவாடு காயவைக்கும் வாடியைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு நஸாருக்காகப் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழப் போகிறார்கள், உடல் இல்லாமலே தொழும் தொழுகை, நீங்களும் வந்து வெளியே இருக்க வேண்டும் என்றார். மௌலவி என்னைப் பற்றியும் நாலு வார்த்தை பேசுவாராம். அதைக் கேட்டதும் ஒரு கணம் எனக்குள் சந்தோஷம் எழுந்தது. அதன்பின் பொறுக்க முடியவில்லை.

"உங்கள் மச்சானைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை. மறைத்தவன்" என்றேன்.

ரிஹானா கதவருகே வந்து நின்றார். அவர் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கோமதி கொண்டுவந்த தாளையும், அதை இழுப்பறையில் போட்டதையும், எழுதிய வரியையும் அப்படியே சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். வேலை, விதி, எச்சரிக்கை என்று எதையும் முன்னால் நிறுத்தவில்லை.

ரிஸ்வான் எழுந்து முற்றத்துக்குப் போனார். வேலிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"லாச்சில வச்சீங்களா?" என்றார் ரிஹானா. இழுப்பறையை இங்கே லாச்சி என்கிறார்கள்.

"ஆமாம்."

"பூட்டியா?"

"பூட்டவில்லை. யாரும் திறக்கமாட்டார்கள் என்று தெரியும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் ஏழு வருஷமா ஒரு பொம்புளய நெனச்சி எரிஞ்சன் ஐயா. தூத்துக்குடிக்காரி. அவளுக்கு நான் ஒரு முகம் வச்சிருந்தன். நல்ல நெறம், நீட்டு முடி. பெருநாளைக்கு அவளுக்கு என்ன உடுப்பு எடுத்துக் குடுத்திருப்பார் எண்டு நெனப்பன். மழை பேஞ்சா, இப்ப ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு இருப்பாங்க எண்டு நெனப்பன். அவர் மௌத்தாகிக் கெடந்த நேரம் எல்லாம் அவர நான் ஏசிட்டு இருந்தன்."

நான் தலை குனிந்திருந்தேன்.

"நீங்க ஆர நெனச்சி எரிஞ்சீங்க?"

"கோமதியை."

"அந்தப் புள்ளயயா?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "அது இந்தக் குசினியில குந்தியிருந்து, கருவாடு சுட்டுத் தா ராத்தா எண்டு கேட்டுத் திண்டுட்டுப் போன புள்ள." பிறகு சொன்னார்: "உங்களுக்காவது எரியிறதுக்கு ஒரு ஆள் இருந்திச்சி. எனக்கு ஆளே இல்ல."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்காகத்தான் வந்தேன் என்பது அந்த இடத்தில் எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஒரு கடுதாசி எழுதித் தாங்க" என்றார் கடைசியில். "கம்பியூட்டர்ல அடிச்சது வேணாம். அது இரிக்கி. உங்கட கையால, தமிழ்ல. மாமிக்கு வாசிச்சிக் காட்ட வேணும். மௌலவி நாளைக்குப் பள்ளியிலயும் வாசிக்கட்டும். உங்கள ஊரெல்லாம் கேவலமாக் கதைக்கும். எழுதுவீங்களா?"

எழுதுகிறேன் என்றேன். ரிஸ்வான் என்னை வழியனுப்ப வரவில்லை. பஸ் ரோட்டுவரை தனியாக நடந்தேன். அங்கே ஒரு கழுதை நின்றது. அதற்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஆறுதலாக இருந்தது.

அன்று பகல் முழுக்கத் தங்குமிடத்தின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். முப்பது வருடம் அறிக்கை எழுதியவனுக்கு அரைப் பக்கம் வரவில்லை. முதல் பிரதியில் விளக்கம் கூடிவிட்டது. இரண்டாவதில் என் பட்டங்கள் வந்துவிட்டன. மூன்றாவதில் கடல் நீர் எலும்பை என்ன செய்யும் என்று ஒரு பத்தி. எல்லாவற்றையும் கிழித்தேன். பரிமாறிய பையன், "ஐயா, தாள் தீர்ந்தா கடையில கொப்பி இரிக்கி" என்றான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரிஸ்வான் வீட்டுக்குப் போனேன். அவர் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஜும்மாவுக்குப் புறப்பட்டு நின்றார். என்னைப் பார்த்தார், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நஸாரின் பெயரையும் அவர் வாப்பாவின் பெயரையும் சொல்லி, தொழுகைக்குப் பிறகு காயிப் ஜனாஸா உண்டு என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ரிஹானா அது முடியும்வரை நின்று கேட்டார். அவருடைய கணவர் இறந்துவிட்டார் என்று ஊர் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு தாளைக் கையில் வாங்கி மெதுவாக வாசித்தார். அதில் இவ்வளவுதான் இருந்தது:

'கற்பிட்டி நஸார் வேறெங்கும் போகவில்லை. கடலில் இறந்தார். அவர் உடல் எங்கள் கரையில் ஒதுங்கியது. இதைக் கோமதி எழுதிய கணினி நிரல் ஏழு வருடத்துக்கு முன்பே சொன்னது. நானும் அன்றே கண்டேன். கண்டும், பொறாமையால், முடிவில்லை என்று எழுதினேன். அவர் மனைவிமேலும் அவர்மேலும் வந்த பழி என்னால் வந்தது.'

கீழே கையெழுத்து.

அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த ஐந்தாவது வரி கண்ணில் பட்டது. நானும் அன்றே கண்டேன். மூன்று முறை கிழித்து எழுதிய பிறகும், மன்னிப்புக் கடிதத்துக்குள்ளேகூட, கோமதியின் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் போட்டு வைத்திருந்தேன்.

பேனாவைத் திறந்தேன். "அந்த வரியை மட்டும் வெட்டிவிடுகிறேன். தாருங்கள்" என்றேன். "பெருமைக்காக எழுதியது போல இருக்கிறது."

ரிஹானா தாளைத் தரவில்லை. அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு தரம் வாசித்தார்.

"வெட்ட வேணாம்" என்றார். "அதுதானே குத்தம்."

தாளை இரண்டாக மடித்து அண்ணனிடம் கொடுத்தார். ரிஸ்வான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திறந்த பேனாவுடன் நின்ற என்னைச் சுற்றிக்கொண்டு வேலிப் படலைத் திறந்து பள்ளிக்குப் போனார்.